சாவி இல்லாத லாக் நட்: உளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியிருக்கிறார். நாலு வீலும் அலாய். ஒவ்வொரு வீலிலும் ஒரு நட் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது, வீல் ஸ்பேனர் அதில் உட்காரவில்லை. வீல் திருடு போகாமலிருக்கப் போடும் லாக் நட் அது. அதற்கென்று ஒரு சாவி உண்டாம், அது வண்டியில் இல்லை. விற்றவரைக் கேட்டால் “அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது” என்கிறார். இப்போது பின்பக்க இடது டயரில் தினமும் காற்று இறங்குகிறது. அடுத்த வாரம் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். பஞ்சர் கடைக்காரர், “உளியை வச்சு நாலு போடு போட்டா வந்துடும்” என்கிறார். போடச் சொல்லலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. அந்த வீலை இன்றைக்கே கழற்றித்தான் ஆகவேண்டும் என்று முதலில் யார் சொன்னது? உங்கள் டயர் ட்யூப்லெஸ். முள்ளோ ஆணியோ டயரின் தரையில் படும் பகுதியில் ஏறியிருந்தால் வீலைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டலாம். முன் வீல் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்தால் டயர் முகம் வெளியே வந்துவிடும். பின் வீல் என்றால் ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் சுற்றி, முள் இருக்கும் இடத்தைப் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும். அரம் போன்ற கம்பியை விட்டுத் துளையைச் சுத்தம் செய்து, ஒட்டும் கயிற்றைச் செருகி, மிச்சத்தை வெட்டிவிட்டால் முடிந்தது. நம் பக்கத்துக் கண்மாய்க் கரை, ஊரணிக் கரை எல்லாம் சீமைக் கருவேல முள்தான், பெரும்பாலும் அதுதான் ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. வால்வு வாயிலும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் ஓட்டை என்றால் மட்டும் ஒட்டக்கூடாது. அதற்கு வீலைக் கழற்றி டயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கோயில் பயணம் இப்படிக் காப்பாற்றப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் லாக் நட்டை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. ராத்திரி நேரத்தில் திருமயம் தாண்டி நடுரோட்டில் டயர் கிழிந்தால் ஸ்டெப்னி பின்னால் படுத்திருக்கும், நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆக, கழற்றத்தான் வேண்டும். அவசரம் இல்லாமல், பகலில், சேதம் குறைந்த வழியிலிருந்து ஆரம்பித்துக் கழற்ற வேண்டும்.

முதல் வழி தேடுவது. சிரிக்காதீர்கள், தொலைந்ததாகச் சொல்லப்படும் சாவிகளில் நிறைய அதே வண்டிக்குள்தான் கிடக்கும். கட்டைவிரல் பருமனில், இரண்டு அங்குலத்துக்குள் ஒரு இரும்புத் துண்டு. ஒரு முனை சாதாரண அறுகோணம், வீல் ஸ்பேனர் அதில் மாட்டும். மறுமுனையில் வளைந்து வளைந்து பூவிதழ் போல ஒரு வரப்போ, பள்ளமோ இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு ஏதோ உடைந்த சாமான் மாதிரித் தெரியும். ஜாக்கி வைத்திருக்கும் தெர்மோகோல் அச்சைத் தூக்கி அதன் அடியில் பாருங்கள், சாவிக்கென்று தனிக்குழி இருக்கலாம். ஸ்டெப்னியை எடுத்து அதன் நடுக்குழியில் பாருங்கள். டிக்கியின் பக்கவாட்டு மூடி, டேஷ்போர்டு டிராயர், மேனுவல் புத்தகம் வைத்த ரெக்ஸின் உறை, டிரைவர் சீட்டின் அடி, கதவுப் பை எல்லாம் ஒரு சுற்று. உறைக்குள் எண் அச்சடித்த ஒரு சின்ன அட்டை கிடைத்தால் விடாதீர்கள், அது சாவியின் குறியீட்டு எண். அதை வைத்துப் புதுச் சாவி வரவழைக்கலாம்.

வண்டியில் இல்லையென்றால் கடைசியாக வீல் அலைன்மென்ட் பார்த்த கடை. டேஷ்போர்டில் பழைய பில் கிடந்தால் அங்கே ஒரு போன் போடுங்கள். வேலை முடிந்ததும் சாவியை ஏர் கன்னின் (காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றும் கருவி) முனையிலேயே விட்டுவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். அந்தக் கடைகளில் ஒரு டப்பா நிறைய அனாதைச் சாவிகள் இருக்கும். (காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு சாண் நீளத்துக்குப் பூட்டுச் சாவியெல்லாம் கிடைக்கும். இந்தச் சாவி மட்டும் அங்கேயும் கிடைக்காது.)

இரண்டாவது வழி, கம்பெனி சர்வீஸ் சென்டர். ஒரு கம்பெனி ஆயிரம் வண்டிக்கு ஆயிரம் விதமான பூட்டு செய்வதில்லை. குறிப்பிட்ட சில வடிவங்களைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்த வடிவங்கள் எல்லாம் அடங்கிய மாஸ்டர் சாவிப் பெட்டி பல சர்வீஸ் சென்டர்களில் உண்டு. நட்டின் முகத்தைத் துணியால் துடைத்து, நேராக நின்று, தெளிவாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். “இந்த வடிவத்துக்குச் சாவி இருக்கா” என்று கேட்டுவிட்டுப் போனால் வீண் அலைச்சல் இருக்காது. உங்கள் வண்டிக் கம்பெனிக்குக் காரைக்குடியிலேயே ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மதுரை அல்லது திருச்சி. இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். ஆர்.சி. கையில் இருக்கட்டும். பூட்டைத் திறக்கச் சொல்லி வருகிறவர் வண்டிக்காரர்தானா என்று அவர்கள் பார்ப்பது நியாயம். பழைய சொந்தக்காரர் வெளியே வாங்கி மாட்டிய லாக் நட் என்றால் கம்பெனிப் பெட்டி உதவாது. நட்டின் முகத்திலோ ஓரத்திலோ தயாரித்தவர் பெயர் பொறித்திருக்கிறதா பாருங்கள்.

இந்த இரண்டும் பலிக்காத பிறகுதான் பட்டறை வேலை. இங்கே நான் சொல்லப்போவதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: நட்டின் வெளிவளையம் தனியாகச் சுற்றுகிறதா, இல்லையா? எந்த முறை என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மூக்குக் குறடால் நட்டின் வெளி ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அசையாமல் திடமாக இருந்தால் ஒரே கட்டி நட், அதிர்ஷ்டம். லொடலொடவென்று வளையம் மட்டும் சுற்றி, உள்ளே நட் அப்படியே நின்றால், அந்த வளையம் திருடனை ஏமாற்றுவதற்கென்றே போட்டது. அதன்மேல் எதை அடித்துச் செருகினாலும் வளையம்தான் சுற்றும், நட் அசையாது. பஞ்சர் கடைக்காரர் இதைப் பார்க்காமல் சாக்கெட்டை (நட்டின் மேல் தொப்பி போல மாட்டும் ஸ்பேனர் முனை) அடித்து இறக்கினால் சாக்கெட்டும் மாட்டிக்கொள்ளும், நட்டும் வராது.

முதலில் கட்டி நட். இதற்குச் சரியான ஆயுதம் உட்புறம் சுருள் பல் வெட்டிய சாக்கெட். பல் இடப்பக்கமாகச் சரிந்திருக்கும். நட்டின் மேல் அடித்து இறக்கிவிட்டுக் கழற்றும் திசையில் திருப்பினால், திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாகக் கடிக்கும். செட்டாக விற்கிறார்கள், ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கும். வெர்னியரால் நட்டின் வெளி விட்டத்தை அளந்து, அதைவிடச் சற்றே சிறியதை எடுக்க வேண்டும். கையால் வைத்தாலே உட்கார்ந்துவிட்டால் அது பெரிது. சுத்தியலால் அடித்தால்தான் ஏற வேண்டும்.

அது கிடைக்காத ஊரில் பட்டறைகள் பார்க்கும் கைவேலை, பன்னிரண்டு பாயின்ட் சாக்கெட்டை (உள்ளே பன்னிரண்டு முனை வெட்டியது) அடித்து இறக்குவது. அதே கணக்கு, நட்டின் விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். பளபளவென்று குரோம் பூசிய சாதாரண சாக்கெட் வேண்டாம், அடித்தால் கண்ணாடி மாதிரிச் சிதறலாம். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்தான் அடி தாங்கும். எடுத்த பிறகு அந்த சாக்கெட் பெரும்பாலும் வீண், பழையதைத் தியாகம் செய்யுங்கள். இன்னொரு சிக்கல், அலாய் வீலில் நட் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். குழிச் சுவருக்கும் நட்டுக்கும் இடையே சாக்கெட்டின் சுவர் நுழைய இடம் வேண்டும். தடிச்ச சாக்கெட் நுழையாது, வம்பாக நுழைத்தால் அலாயை வழித்துக்கொண்டு போகும். அடிக்கும் முன் குழியின் உட்சுவரில் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டால் கீறல் குறையும்.

இப்போது செய்முறை. வண்டி சமதரையில், கெட்டித் தரையில் நிற்கட்டும். செம்மண் தரையில் வேண்டாம், ஜாக்கி புதையும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், மற்ற வீல்களுக்குக் கல் அண்டை. வீல் தரையில்தான் இருக்க வேண்டும். தூக்கி வைத்துக்கொண்டு நட்டோடு மல்லுக்கட்டினால் ஜாக்கி சரிந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். இது சடங்குக்குச் சொல்வதில்லை. லாக் நட் கடினப்படுத்திய இரும்பு, சாக்கெட்டும் அப்படியே. இரண்டு கடினமான இரும்பு மோதினால் சில்லு தெறிக்கும்.

பலரும் இந்த இடத்தில் மற்ற நட்களை முதலில் தளர்த்திவிடுகிறார்கள். நேர் எதிர்மாறாகச் செய்ய வேண்டும். மற்ற எல்லா நட்களையும் சரியான அளவுக்கு நன்றாக இறுக்குங்கள். அவை வீலை ஹப்போடு (வீல் வந்து உட்காரும் நடு இரும்புத் தட்டு) சேர்த்து அழுத்தினால் லாக் நட்டின் மீதுள்ள பாரம் கொஞ்சம் இறங்கும். அவற்றைத் தளர்த்திவிட்டால் முழு வீலையும் லாக் நட் ஒன்றே பிடித்துக்கொண்டு இன்னும் முறைக்கும். லாக் நட் அசைந்த பிறகு மற்றவற்றைத் தொட்டால் போதும்.

ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட் ஏறும் தண்டு) மரை வெளியே தெரிகிற நட் என்றால் முந்தின ராத்திரியே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்ப்ரே டிஸ்க் பக்கம் போகாமல் ஒரு துணியைக் கொடுங்கள், பிரேக்கில் எண்ணெய் பட்டால் அப்புறம் நின்றாக வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. மறுநாள் சாக்கெட்டை அடித்து இறக்கி, நீளக் கைப்பிடியை மாட்டி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்புங்கள். துருப்பிடித்த மரை முதலில் உடைவது அந்தச் சின்ன அசைவில்தான். பிறகு கழற்றும் திசையில், குலுக்காமல், ஒரே சீராக அழுத்த வேண்டும். அரை மீட்டர் பைப்பின் முனையில் 60 கிலோ ஆள் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 300 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. சரியாக இறுக்கிய நட்டுக்கு இதில் பாதி தாராளம். ஏர் கன்னால் கண்மூடித்தனமாக இறுக்கிய நட்டுக்குத்தான் முழுதும் தேவைப்படும். “டக்” என்று ஒரு சத்தம் வரும். அது மரை விட்ட சத்தமா, ஸ்டட் முறிந்த சத்தமா என்று அடுத்த கால் சுற்றிலேயே தெரிந்துவிடும். முறிந்திருந்தால் நட் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழவழவென்று சுற்றும். முறிந்தாலும் தலையில் கைவைக்க வேண்டாம், ஸ்டட் மலிவான சாமான். டிரம்மையோ டிஸ்க்கையோ கழற்றி, ஹப்பிலிருந்து பின்பக்கமாக அடித்து வெளியேற்றி, புதிதை நட் போட்டே இழுத்து உட்கார வைப்பார்கள். சில வண்டிகளில் ஸ்டட் வெளியேற இடம் கிடைக்காமல் ஹப்பையே கழற்ற வேண்டிவரும், கூலி மட்டும் கூடும்.

வெளியே வந்த நட் சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நட்டை வைஸில் பிடித்து, சாக்கெட்டை இறுக்கும் திசையில் திருப்பினால் கழன்றுவிடும். கைப்பிடி மாட்டும் சதுர ஓட்டை வழியாகப் பஞ்ச் கம்பியை விட்டுத் தட்டியும் எடுக்கலாம். இன்னும் மூன்று வீல் இருப்பதால் இந்த வேலை உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

சுத்தியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோ சுத்தியலால் நிதானமாக அடித்தால் போதும். நாலு கிலோ சம்மட்டியை எடுக்கிறவரைத் தடுத்துவிடுங்கள். நட்டில் விழும் அடி நேரே வீல் பேரிங்குக்குத்தான் போகிறது. உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்தால், ஒரு மாதம் கழித்து 60-இல் போகும்போது “ஊம்ம்” என்று ஒரு இரைச்சல் ஆரம்பிக்கும். அப்போது யாரும் இந்த அடியை நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

இனி சுற்றும் வளையம் போட்ட நட். இதில் வளையத்தை ஒழித்துக்கட்டினால்தான் உள்ளே இருக்கும் நட் கிடைக்கும். கூரான உளியை வளையத்தின் முகத்தில் வைத்து அடித்துப் பிளப்பது ஒரு வழி. வளையம் மெலிசான கடின இரும்பு என்பதால் விரிசல் விட்டுவிட்டால் குறடால் பிய்த்து எடுக்கலாம். நட் குழிக்குள் ஆழமாக இருந்தால் உளிக்கு இடம் கிடைக்காது, வழுக்கி அலாயில்தான் கோடு போடும். அந்த மாதிரி இடத்தில் என் ஓட்டு வெல்டிங்குக்கு.

முறை எளிது. நட்டின் முகத்தைச் சின்ன கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்கிறார்கள். குரோம், துத்தநாகப் பூச்சு எல்லாம் போய்விட வேண்டும், துத்தநாகப் புகை மூக்கில் ஏறினால் ராத்திரி காய்ச்சல் மாதிரிக் குளிரும். அதன்மேல் ஒரு பெரிய சாதாரண நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளேயே வெல்டு வைத்து நிரப்புகிறார்கள். வளையமும் நட்டும் புது நட்டும் ஒரே துண்டாகிவிடும். சிவப்பு மங்கி, கொஞ்சம் ஆறியதும் ஸ்பேனர் போட்டால், கல்லாக இருந்த நட் பல நேரம் ஆச்சரியமாகச் சுலபமாக வந்துவிடும். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கியதில் துருவின் பிடி விட்டிருக்கும். சாதாரண ஆர்க்கைவிட சி.ஓ.டூ வெல்டிங் வைத்திருப்பவரிடம் போங்கள், தெறிப்பு குறைவு, குழிக்குள் வைப்பதும் சுலபம். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகளுக்கு வேலை பார்க்கும் வெல்டர்கள் இதைவிடச் சிக்கலான இடங்களில் வெல்டு வைக்கிறவர்கள்.

ஆனால் வெல்டர் கெட்டிக்காரர் என்பதற்காக வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. நீங்கள் பக்கத்தில் நின்று நாலு விஷயம் பார்க்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏ.பி.எஸ்., ஏர்பேக் பெட்டிகளுக்கு ஆபத்து. எர்த் கிளிப்பை வண்டியின் வேறு மூலையில், பம்பர் அடியில் எங்கோ மாட்டக்கூடாது. அப்படி மாட்டினால் கரன்ட் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் பள்ளம் போட்டுவிடும். அதே வீலின் பக்கத்து நட்டில், துருவில்லாத இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். டயர்மேல் ஈரச் சாக்கு. வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்கியிருக்க வேண்டும். பின் வீல் என்றால் பெட்ரோல் டேங்க் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், சி.என்.ஜி. வண்டிக்கு இந்த வேலையே வேண்டாம் என்பேன்.

சிலர் கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுத்து நட்டைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சப் பார்ப்பார்கள். லாரியின் இரும்பு ரிம்மில் பழகிய கை அது. அலாய் வீல் அலுமினியக் கலவை, சுமார் 200 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் இருந்தாலே அதன் உறுதி குறையத் தொடங்கும். இரும்பு நட் சிவக்க வேண்டுமானால் 600 டிகிரியைத் தாண்ட வேண்டும். நட் சிவப்பதற்குள் அதைச் சுற்றியுள்ள அலாய் பலவீனமாகிவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு ஏதாவது பள்ளத்தில் விழும்போது அந்த இடத்தில் விரியும். அதோடு, டயர் மாட்டிய ரிம்மைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் வெந்து வாயு கிளம்பி டயர் வெடிக்கலாம். காற்று இறக்கிவிட்டோமே என்ற தைரியம் அங்கே உதவாது. வெல்டிங் சூடு சின்ன இடத்தில், சில விநாடிகள். கேஸ் சூடு அப்படியில்லை.

உங்கள் வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோ, வென்ட்டோ, ஸ்கோடா ராபிட் மாதிரி என்றால் ஹப்பில் ஸ்டட்டே இருக்காது. நட்டுக்குப் பதில் போல்ட்தான் வெளியிலிருந்து நேரே ஹப்புக்குள் ஏறியிருக்கும். இதற்குக் கடைசி வழியாக டிரில் உண்டு. போல்ட்டின் நடுமையத்தில் பஞ்ச் குறி வைத்து, சின்ன பிட்டில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கி, போல்ட்டின் தண்டு விட்டம் வரை தலையைக் குடைந்தால், தலை தனியே கழன்று விழும். தலை போனதுமே இறுக்கம் முழுதும் போய்விடும். மிச்சத் தண்டை வீலை எடுத்தபிறகு குறடால் பிடித்துத் திருகலாம். கோபால்ட் பிட், குறைந்த வேகம், விடாமல் எண்ணெய். கை ஓரமாகப் போனால் ஹப்பின் மரை காலி, அதற்கு ஸ்டட் மாதிரி மலிவான மாற்று கிடையாது, ஹப்பே மாற்ற வேண்டிவரலாம். ஆகவே இதை டிரில் பிடித்துப் பழகிய லேத் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் சுவரில் ஓட்டை போடும் மெஷினை வைத்துக்கொண்டு முயல வேண்டாம்.

பஞ்சர் கடைக்காரரின் உளியை நான் முழுக்கத் தள்ளவில்லை. நட் குழிக்குள் இல்லாமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், ஓரத்தில் ஒரு வெட்டு போட்டு, கழற்றும் திசையில் சாய்த்து அடித்தால் வரும். இரும்பு ரிம்மில் இது சாதாரணம். உங்கள் அலாயில் செய்தால் நட் வரலாம், அதைச் சுற்றிலும் கொத்திய அம்மி மாதிரி ஆகிவிடும்.

நட் எல்லாம் வந்தும் வீல் வராமல் இருந்தால் திகைக்க வேண்டாம். ஊரில் பூட்டிய வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காக நிற்கிற கார்களில் இது ரொம்ப சகஜம். சென்னையில் இருக்கிறவர்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்து எடுக்கிற வண்டிகள். இரும்பு ஹப்பும் அலுமினிய வீலும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து இரண்டையும் ஒட்டிவிடும். அரிப்பு ஆராய்ச்சிக்குப் பெயர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, நம் ஊர்க் கார்களின் ஹப்புக்கு அது தெரிவதில்லை. மற்ற நட்களைத் திரும்ப மாட்டி, இரண்டு சுற்று மட்டும் தளர்வாக விட்டு, வண்டியைக் கீழே இறக்கி ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே நகர்த்தினால் பிடி விட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, டயரின் பின்பக்கம் மரக்கட்டை கொடுத்துத் தட்டலாம். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியை உதைக்கக் கூடாது. வந்தபிறகு ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, நடு வளையத்தில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். ஸ்டட் மரையில் தடவாதீர்கள். மரை வழுக்கினால் அதே திருகுவிசையில் ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும்.

அடுத்து, திரும்ப என்ன மாட்டுவது. என் கருத்து தெளிவு: லாக் நட் வேண்டாம். திருட்டுப் பயம் உள்ள நகரத்தில் ராத்திரி தெருவில் நிறுத்துகிறவருக்கு அதில் அர்த்தம் இருக்கிறது. கேட்டுக்குள் நிறுத்துகிற தேவகோட்டைக்காரருக்கு, திருடனைவிட அதிகமாக உரிமையாளரைத்தான் அது மறிக்கிறது. நாலு வீலுக்கும் நாலு சாதாரண நட் வாங்கிப் போட்டுவிடுங்கள். வாங்கும்போது மரை அளவைப் பார்க்க வேண்டும். மாருதியில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தண்டு, 1.25 மரை (மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர் இடைவெளி). ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டாவில் அதே 12, ஆனால் 1.5 மரை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், முதல் இரண்டு சுற்று கையாலும் ஏறும், அதற்கப்புறம் ஏர் கன் போட்டால் ஸ்டட்டின் மரை சுருண்டுவிடும். எனவே புது நட் கையால் கடைசிவரை ஏறுகிறதா என்று பாருங்கள். நட்டின் அடிப்பக்க வடிவமும் பொருந்த வேண்டும். கூம்பு வடிவம், உருண்டை வடிவம், வாஷரோடு தட்டை வடிவம் என்று மூன்று உண்டு. வீலில் இருக்கும் மற்ற நட் ஒன்றைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் சுலபம்.

இறுக்கும் அளவு மேனுவலில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள், போலோ வகையறாவுக்கு 120. நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, திருகுவிசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடிக்க வேண்டும். கடையில் ஏர் கன்னைத் தூக்கினால், “அண்ணே, கடைசி இறுக்கு கையால போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடியபிறகு ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும், புது நட் உட்காரக் கொஞ்சம் இடம் எடுக்கும்.

எதற்கும் லாக் நட் வேண்டும் என்று வீட்டில் அப்பச்சி பிடிவாதம் பிடித்தால், சரி, புது செட் வாங்குங்கள். சாவியில் பொறித்த எண்ணை அன்றைக்கே போட்டோ எடுத்து மெயிலில் போட்டுவிடுங்கள். அந்தச் சாவியை ஏர் கன்னில் மாட்ட யாரையும் விடாதீர்கள். லாக் நட் சாவிகளின் வரப்பு மெலிசு, கன்னின் படபட அடியில் ஒரு பல் உடைந்தால் சாவி கையில் இருந்தும் இல்லாத கதைதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் வண்டியில் பார்த்தே ஆகவேண்டியது. அலாய் பின்னால் வெளியே வாங்கிப் போட்டதென்றால், ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு ரிம்மாகத்தான் இருக்கும். அலாய்க்கென்று வந்த நட், இரும்பு ரிம்மில் அடிவரை உட்காராமல் இடைவெளி விடலாம். பகலில், வீட்டு வாசலில், ஸ்டெப்னியை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். உட்காரவில்லையென்றால் இரும்பு ரிம்முக்கான நட் ஒரு செட் வாங்கி ஜாக்கிப் பைக்குள்ளேயே போட்டுவையுங்கள்.